மொட்டை மாடி உரமும் மூன்றாம் மாடிச் சம்பந்தமும்

குப்பையில்லாமல் வாழ்வது என்று நான் முடிவெடுத்த மாதத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து குவிந்த அட்டைப்பெட்டிகளைப் போல அதற்கு முன்னால் வந்ததில்லை. மூங்கில் பல்துலக்கி ஒரு பெட்டியில் வந்தது. அது உடையாமலிருக்க அதைச் சுற்றிக் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக். மூங்கில் எப்படி உடையும் என்று நான் யோசிக்கவில்லை. தேங்காய் நார்த் தேய்ப்பான், எவர்சில்வர் உறிஞ்சுகுழல், கண்ணாடி ஜாடிகள், காய் வாங்கப் போக வலைப்பை, அந்த வலைப்பைகளை வைத்துக்கொள்ள ஒரு துணிப்பை. எல்லாம் தனித்தனிப் பார்சல்.

"உலகத்தைக் காப்பாத்த இன்னும் எத்தனை பார்சல் வரணும்?" என்று என் கணவர் கேட்டார். அவர் கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை என்று அப்போதுதான் முடிவெடுத்திருந்தேன்.

பெட்டிகளையெல்லாம் மடித்து ஆட்டோவில் ஏற்றி மந்தைவெளியில் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்கார பாய் எடைத்தட்டில் வைத்தவாறே, "என்னாம்மா, வீட்ல புதுசா கடை கிடை போட்டிருக்கீங்களா?" என்றார். சுற்றுச்சூழலுக்காகத்தான் இதெல்லாம் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

இதற்கெல்லாம் காரணம் ஆழ்வார்பேட்டையில் ஒரு சிறிய அரங்கில் நடந்த கூட்டம். இன்ஷூரன்ஸ் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்த புதிது. காலையில் பதினோரு மணிக்கே பகல் முடிந்துவிட்டது போலிருக்கும். எதன் மேலாவது ஆவேசப்பட்டே தீர வேண்டும் என்ற நிலைமை. யாரோ கொடுத்த நோட்டீஸைப் பார்த்துவிட்டுப் போனேன். மேடையில் ஒரு பெண்மணி, "காய்கறித் தோலைக் குப்பை என்று சொல்லாதீர்கள், நாளைய மண் என்று சொல்லுங்கள்" என்றார். எனக்குப் புல்லரித்துவிட்டது. அன்றிரவு வாழைக்காய் சீவும்போது தோலைப் பார்த்து நானும் சொல்லிப் பார்த்தேன். கணவர் சமையலறை வாசலில் நின்று பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார்.

முதலில் போனிலிருந்த மளிகை ஆப்களை நீக்கினேன். எல்லாவற்றையும் நம் தெருவிலேயே, நம் கடைக்காரர்களிடமே வாங்குவது என்று தீர்மானம். தெருமுனை அண்ணாச்சி கடைக்கு ஒரு பை நிறைய எவர்சில்வர் டப்பாக்களோடு போய் நின்றேன். அண்ணாச்சி ஒவ்வொரு டப்பாவையும் காலியாக எடை போட்டு, அதைக் கழித்து, அப்புறம் பருப்பைக் கொட்டி, மறுபடி எடை போட வேண்டியிருந்தது. பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. பால் பாக்கெட் வாங்க வந்த ஒருவர் ஸ்கூட்டரை அணைக்காமல் நின்று பார்த்துவிட்டு, "இன்னாக்கா, கல்யாணத்துக்கா வாங்கினுகீற?" என்றார்.

மூன்றாவது முறை போனபோது அண்ணாச்சி மிகவும் பணிவாகச் சொன்னார்: "அக்கா, நீங்க மத்தியானம் மூணு மணிக்கு வாங்க. அப்ப கடையில ஆளு இருக்காது. உங்க டப்பா எல்லாத்தையும் ஆற அமர எடை போட்டுருவோம்."

எனக்கென்று தனி நேரம் ஒதுக்கிவிட்டார் என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். "என்னையும் ஸ்கூல்ல அப்படித்தான் தனியா உக்கார வெப்பாங்க" என்றார் கணவர்.

வடக்கு மாட வீதியில் காய் விற்கும் அம்மாவிடம் கவர் வேண்டவே வேண்டாம் என்று பல நாள் பிரசங்கம் செய்திருந்தேன். ஒரு நாள் பையையே எடுத்துப் போக மறந்துவிட்டேன். வாங்கியதோ பீட்ரூட், கீரை, தக்காளி. கவர் கேட்க வாய் வரவில்லை. முந்தானையை விரித்துப் பிடித்தேன். "கவர்ல குடுத்தா உலகம் அழிஞ்சிடும்ன்றே. இப்ப உன் பொடவை அழியுதே, பரவால்லியா?" என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மா பீட்ரூட்டை அள்ளிப் போட்டாள். மயிலாப்பூரில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். மீதிப் பேருக்கு அன்று தெரிந்தது.

அடுத்தது உரம். மூன்றடுக்கு மண் தொட்டி ஒன்றை வாங்கி மொட்டை மாடியில், படிக்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கள் கட்டடத்தில் மூன்று மாடி. நாங்கள் இரண்டாவதில். எங்களுக்கு மேலே, மொட்டை மாடிக்கு நேர் கீழே, ஒரு மாமியும் மாமாவும் அவர்களுடைய ஒரே பெண்ணும். மாமியின் கையால் சாயங்காலக் காபி குடிப்பது எனக்கு வெகுநாள் வழக்கம்.

"வாசனை வராதோன்னோ?" என்று மாமி கேட்டாள்.

"வரவே வராது மாமி. மழை பெஞ்ச மண் வாசனைதான் வரும்."

மாமி யோசித்தாள். "பூஜைப் பூவைக் குப்பையில போட எனக்கு என்னமோ போலிருக்கும். மண்ணாப் போறதுன்னா நல்லதுதானே. தினம் தரேன்."

இப்படி மாமியின் சாமந்தியும் என் வாழைக்காய்த் தோலும் சேர்ந்து மக்கின. மாடிக்கு மாடி நான் வைத்த வாளிகளில் மற்றவர்கள் பிஸ்கட் கவரும் ஒருமுறை பழைய பேட்டரியும் போட்டார்கள். அதைப் பொறுக்கியெடுத்துவிட்டு, படிக்கட்டில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தேன். பிறகு என்னைப் பார்த்தால் லிஃப்டில் ஏறுவதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். எங்கள் லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அப்படியும் காத்திருந்தார்கள்.

சில வாரம் கழித்துத் தொட்டியைத் திறந்தால் உள்ளே புழு. பழுப்பு நிறம், வரி வரியாக, கொழுகொழுவென்று. முதலில் கதவு வரைக்கும் ஓடினேன். அப்புறம் போனில் தேடிப் படித்தபோது தெரிந்தது, ஒருவகைக் கறுப்பு ஈயின் புழு, கழிவை வெகு வேகமாகத் தின்று தீர்க்கும், மிகவும் நல்லது என்று. எனக்குக் கொள்ளை மகிழ்ச்சி. நெருக்கத்தில் படம் பிடித்து, கட்டட வாட்ஸப் குழுவில் காலை எட்டரை மணிக்குப் போட்டேன். எல்லோரும் இட்லி சாப்பிடுகிற நேரம். மாமா கைகூப்பும் படம் ஒன்று அனுப்பினார். மாமி குழுவை விட்டு வெளியேறினாள்.

நான் படித்த கட்டுரையில் கீழே இன்னொரு பத்தியும் இருந்தது. புழு முற்றியதும் ஈரத்தை விட்டு வெளியேறி, காய்ந்த, இருட்டான இடமாகத் தேடிப் போகும் என்று. படமெடுக்கும் அவசரத்தில் அந்தப் பத்தி வரைக்கும் நான் படிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை மாமி வீட்டுக்கு நங்கநல்லூரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"பொண் பாக்கறதுன்னு சொல்லப்படாதாம். சும்மா ஒரு மீட்டிங்காம். ஆனா சொஜ்ஜி, பஜ்ஜி உண்டு" என்று மாமி என்னைக் கூப்பிட்டாள். காபி கொண்டுபோய்க் கொடுக்கக் கூட ஒரு கை வேண்டுமாம்.

பையன், அவனுடைய அப்பா அம்மா, அத்தை ஒருத்தி. பையன் நல்ல நிறுவனத்தில் நல்ல வேலை. பார்க்க லட்சணமாக இருந்தான். பெண்ணும் அவனும் ஏற்கெனவே போனில் பேசியிருந்தார்கள். எல்லாம் சுமுகமாகப் போயிற்று. பஜ்ஜியை வைத்துக் கொடுக்கக் காகிதத் தட்டு வேண்டாம், எவர்சில்வர் தட்டுதான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அதைப் பையனுடைய அம்மாவும் பாராட்டினாள். அந்தப் பாராட்டில் நான் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன். வெளியே ஒரு பெருமழை கொட்டி ஓய்ந்தது.

கிளம்பும் நேரம். பையனுடைய அம்மா வாசலுக்குப் போய்ச் செருப்பில் காலை நுழைத்தாள். அடுத்த நொடி ஓர் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். தொட்டியின் மூடியைக் காற்று தள்ளியிருக்க வேண்டும். உள்ளே மழைநீர் போய், குடியிருந்தவர்கள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். மொட்டை மாடிக் கதவின் அடியிலிருந்து, படிக்கட்டில், ஒவ்வொரு படியாக உருண்டும் ஊர்ந்தும் வந்துகொண்டிருந்தார்கள். காய்ந்த, இருட்டான இடம் என்று அவர்களுக்குக் கிடைத்தது நங்கநல்லூர்க்காரர்களின் செருப்பும் ஷூவும். பையனுடைய அப்பா தன் ஷூவைக் கவிழ்த்தார். தரையில் பொலபொலவென்று உதிர்ந்தது.

எந்த மனுஷியும் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்பாள். நான், "பயப்படாதீங்க, இது நல்ல புழு" என்றேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தார்களே என்று தொடர்ந்தேன். "கடிக்காது. நோய் பரப்பாது. ஈயா மாறினதும் ஒண்ணும் சாப்பிடக்கூடச் சாப்பிடாது."

"சாப்பிடலேன்னா அதுக்கு இங்க என்ன வேலை?" என்று அந்த அம்மாள் ஒரு காலில் நின்றுகொண்டே கேட்டாள்.

நான் மக்கும் குப்பை, மக்காத குப்பையிலிருந்து ஆரம்பித்தேன். அதற்குள் மாமா துடைப்பமும் பழைய பேப்பரும் எடுத்துவந்து, குனிந்து, எல்லோருடைய கால்களைச் சுற்றியும் கூட்டத் தொடங்கினார். பெண் முறத்தில் வாங்கி மாடிக்குக் கொண்டுபோனாள். அத்தை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு கீழே இறங்கினாள். அவர்கள் கார் புறப்படும்போது நான் கடைசிப் படியில் நின்று, உரத்தை மூன்று மாதத்தில் சலிக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடம் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த சில நாளில் மாமி வீட்டுக் கதவைத் தட்டினேன். பாதி திறந்தாள்.

"முதல் நாளே காலடியில புழுன்னா என்ன அர்த்தம்? வேண்டாம்னு நானே போன் பண்ணிச் சொல்லிட்டேன். நல்ல இடம். கையில வந்தது போயிடுத்து" என்றாள். கதவு மூடிக்கொண்டது. சாயங்காலக் காபியும் அன்றோடு நின்றது.

குடியிருப்போர் சங்கம் கூடி, தொட்டியை மாடியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தது. என் கணவர் எழுந்து நின்றார். முதல் முறையாக எனக்காகப் பேசப் போகிறார் என்று நெஞ்சு விம்மியது. "எறக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். என் இடுப்பு தாங்காது" என்றார்.

அண்ணாச்சிக்கும் செய்தி எட்டியிருந்தது. மூன்று மணிக்கு டப்பாக்களோடு போனால், "என்னக்கா, ஒரு கல்யாணத்தையே நிறுத்திப்புட்டீங்களாமே" என்றார். கீழ்வீட்டுக் குழந்தைகளுக்கு நான் புழு ஆன்ட்டி ஆனேன். எனக்கே என் மேல் வெறுப்பு வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் காய்த்தோல் வாளியில் போட்டுக் கிளறிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டேயிருந்தேன்.

தொட்டியைக் காலி செய்ய மாடிக்குப் போன அன்று அந்தப் பெண் மேலே வந்தாள். துணி எடுக்க வந்தவள் மாதிரி கொடியருகில் நின்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை ஒழுங்காக, அழுதுகொண்டே கேட்டேன்.

"ஐயோ ஆன்ட்டி, அழாதீங்கோ. புழு வரலேன்னா நான் சரின்னு சொல்லியிருப்பேன். அதான் பயமா இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"அப்பா கீழே குனிஞ்சு கூட்டிண்டிருந்தாரே, பாத்தேளா? அவருக்கு முட்டி மடக்கவே முடியாது. அந்தப் பையன் போனைப் பாத்துண்டு நின்னுண்டிருந்தான். அப்பா துடைப்பம் கிட்ட வந்ததும் காலைத் தூக்கினான். அவ்வளவுதான். அடியில கூட்டிக்கோன்னு தூக்கற மாதிரி. போன்லேர்ந்து கண்ணை எடுக்கவே இல்லை."

நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றும் பார்க்கவில்லை.

"அம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றேன்.

"அம்மாகிட்ட சொன்னா அப்பாகிட்ட போயிடும். அப்பா தாங்கமாட்டார். அம்மாவே சகுனம் சரியில்லைன்னு வேண்டாம்னுட்டா. அது அப்படியே இருக்கட்டும். நீங்க யார்கிட்டயும் சொல்லாதீங்கோ, ப்ளீஸ்."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். குப்பையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவள், என் மேல் விழுந்த பழியைப் பற்றி மட்டும் வாய் திறக்கக் கூடாது. மாமி என்னைக் கண்டதும் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போவாள். அவளைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணைக் காப்பாத்தினதே என் புழுதான்" என்று கத்தத் தோன்றும். உதட்டைக் கடித்துக்கொள்வேன். கணவரிடம் மட்டும் சொன்னேன். அவரிடம் சொல்வது சொன்னதில் சேராது. பேப்பரை மடக்காமலே "உம்" கொட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு கெட்டிக்காரி" என்றார். கேட்டிருக்கிறார்.

இப்படியே மாதங்கள் போயின. ஆரம்பித்த வேகத்தில் பாதி கரைந்துவிட்டது. மூங்கில் பல்துலக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டேன், கூடையைக் கடிப்பது போலிருந்தது. மழை நாளுக்கென்று ஒரு மளிகை ஆப் போனில் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. துணிப்பை நிலைத்தது. அண்ணாச்சியின் மூன்று மணியும் நிலைத்தது. கடையில் ஆளில்லாத அந்த நேரத்தில் அவர் ஊர்க்கதை சொல்வார், நான் எள்ளை எடை போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆப்பில் இது கிடைக்காது. மாடித் தொட்டிக்குப் பதில் எங்கள் பால்கனியில் சின்னதாக ஒரு வாளி. மூடி மேல் அம்மிக் குழவியை வைத்திருக்கிறேன்.

பங்குனி வெயிலில் ஒரு காலை, மாட வீதியில் கீரைக்காரியிடம் குனிந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் மாமி. இரண்டு பேர் கையும் ஒரே முளைக்கீரைக் கட்டின் மேல். மாமி கையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

"இன்னா, ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி எடுத்துக்கிறீங்களா?" என்றாள் கீரைக்காரி.

மாமி சட்டென்று சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே நடந்து வந்தோம். கோயில் குளத்தைத் தாண்டினோம். அப்புறம் மாமி சொன்னாள்:

"உங்க மேல எனக்குக் கோபமே இல்லை. கோபமா இருக்கற மாதிரி இருக்க வேண்டியிருந்தது."

"ஏன் மாமி?"

"யார்கிட்டயும் சொல்லமாட்டேளே? அன்னிக்கு எங்காத்து மாமா குனிஞ்சு கூட்டிண்டிருந்தார். அந்தப் பிள்ளையாண்டான் காலைத் தூக்கிக் காமிச்சான். எனக்கு வயிறு எரிஞ்சுது. அவனையா என் பொண்ணுக்குன்னு... ஆனா அவளுக்கு அவனைப் பிடிச்சிருந்ததுன்னு நினைச்சேன். இதைச் சொன்னா, அப்பாவுக்கு ஒரு அவமானம்னு மனசுல வெச்சுண்டு தவிப்பா. அதான் சகுனம்னு சொல்லிட்டேன். உங்களோட சகஜமாப் பேசினா அவளுக்குச் சந்தேகம் வந்துடுமே."

நான் நடைபாதையில் நின்றுவிட்டேன். அம்மா பெண்ணுக்காகவும், பெண் அம்மா அப்பாவுக்காகவும், இரண்டு பேரும் ஒரே காட்சியைப் பார்த்துவிட்டு ஒரே புழுவின் மேல் பழியைப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் என்னிடம்தான் வாக்கு வாங்கியிருக்கிறார்கள். உண்மை முழுவதும் தெரிந்த ஒரே ஆள், அந்த இடத்தில் ஒன்றுமே பார்க்காத நான்.

"ஏன் நின்னுட்டேள்?" என்றாள் மாமி.

"செருப்பு வார்" என்று குனிந்து எதையோ சரிசெய்தேன்.

இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே எழுதுவது சொன்னதாகுமா என்று தெரியவில்லை. பெயர் எதுவும் போடவில்லை, அதனால் ஆகாது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். பெண் இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். மாமிக்கு அடுத்த சம்பந்தம் பேசும் அவசரம் இல்லை.

போன வாரம் மாமா வந்தார். கையில் ஒரு சின்னத் துணிப்பை. துளசிச் செடி சோர்ந்து போயிருக்கிறதாம், கொஞ்சம் உரம் வேண்டுமாம். அன்று அவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று அந்த முகத்தில் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. சாதுவான, படியிறங்கி வந்த களைப்பு முகம்.

பையை நிரப்பிக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? ஒரு பிடிதான் போட வேண்டும், தண்டை ஒட்டிப் போடக் கூடாது, தண்ணீர் அளவாக விட வேண்டும், முட்டை ஓடு கலந்திருக்கிறதோ என்று பயப்பட வேண்டாம், உங்களுக்கென்று தனியாகச் சலித்தது என்று என் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. மாமா பையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கடைசிவரை பொறுமையாகக் கேட்டார்.

"சரி, ஆத்துல காப்பி கலந்துண்டிருக்கா. வரேளா?" என்றார்.

கையைக் கழுவிக்கொண்டு அவர் பின்னாலேயே படியேறினேன்.